எச்.டி. டிவி வாங்கியும் டிடிஎச் படம் மங்கல்: டிஷ்ஷைத் திருப்பினால் சரியாகுமா?

பவானிக்கரை:

வணக்கம். போன வாரம் 43 இன்ச் ஃபுல் எச்.டி. டிவி வாங்கினோம். அதற்கு முன்னால் 21 இன்ச் பழைய டியூப் டிவி. கடையில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். வீட்டில் டிடிஎச் போட்டால் முகங்கள் எல்லாம் மெழுகு பூசின மாதிரி தெரிகின்றன. செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறது. செட்டாப் பாக்ஸ் எச்.டி.தான், மேலேயே போட்டிருக்கிறது.

கஸ்டமர் கேரில் கேட்டால், "சிக்னல் பிரச்சினையாக இருக்கும், டிஷ் அலைன்மென்ட் பண்ண ஆள் அனுப்புகிறோம், விசிட் சார்ஜ் உண்டு" என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், பெரிய டிஷ் போட்டால் தெளிவு கூடும் என்கிறார். காசைக் கொட்டுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பழைய_ஆன்டெனா:

முதலில் டிஷ்ஷைப் பாருங்கள் தம்பி. மொட்டை மாடியில் உயரமாகப் பைப் நட்டு, பூஸ்டர் வைத்து இலங்கை டிவியான ரூபவாஹினி பிடித்த ஆள் நான். ஒருத்தர் மேலே ஆன்டெனாவைத் திருப்புவார், இன்னொருத்தர் ஜன்னலில் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்துவார். புள்ளி புள்ளியாக இருந்த படம் மெல்லத் தெளியும். சிக்னல் எவ்வளவோ அவ்வளவு தெளிவு. உங்கள் பாக்ஸில் சிக்னல் பார் 60-ல் நின்றால் 90-க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

அண்ணே, ரூபவாஹினி அனலாக். அதற்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டிடிஎச் முழுக்க டிஜிட்டல், அங்கே கணக்கே வேறு. பல வருஷம் டிஷ் மாட்டும் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சாட்டிலைட்டிலிருந்து வருவதெல்லாம் வெறும் எண்கள். வழியில் சில எண்கள் சிதைந்தாலும் பாக்ஸ் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும். அதற்காகவே கூடுதல் எண்களைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். சிதைவு ஓர் எல்லைக்குள் இருக்கிறவரை, கம்பெனி மேலே ஏற்றிய படம் ஒரு புள்ளிகூட மாறாமல் உங்கள் வீட்டில் இறங்கும். எல்லை தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், சத்தம் வெட்டும், கடைசியில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வரும். இடையில் 'கொஞ்சம் மங்கல்' என்று ஒரு நிலையே கிடையாது. ஒரே சேனல், ஒரே மாதிரி பாக்ஸ், ஒரே மாதிரி டிவி என்றால் பாக்ஸ் சிக்னல் குவாலிட்டி 65 காட்டும் வீட்டிலும் 95 காட்டும் வீட்டிலும் படம் ஒன்றுதான்.

பவானிக்கரை, உங்களுக்குப் படம் உடையவில்லை, மங்கல் மட்டும்தான் என்றால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். பாக்ஸிலிருந்து டிவிக்கு எந்த வயர் போகிறது? எச்.டி. சேனல்களுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா, இல்லை எச்.டி. பாக்ஸில் சாதா சேனல் ஓடுகிறதா?

பவானிக்கரை:

சிவப்பு, மஞ்சள், வெள்ளை வயர். டிவி மாட்ட வந்தவர் பழைய டிவியில் இருந்ததைப் பிடுங்கி இதில் செருகிவிட்டுப் போய்விட்டார். ரீசார்ஜ் எல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறார். சன் டிவி, விஜய் எல்லாம் வருகிறது, எச்.டி.யா என்று கவனிக்கவில்லை.

மொட்டைமாடி:

மஞ்சள் வயரா! பாதி வியாதி அங்கேதான் இருக்கிறது.

அந்த மஞ்சள் வயரில் எச்.டி. படம் போகவே போகாது. பாக்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், எச்.டி. சேனலையும் சாதா சேனலின் 576 வரிக்குச் சுருக்கித்தான் அதில் அனுப்பும். அதோடு விடுவதில்லை. வெளிச்சத் தகவல், நிறத் தகவல் இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புகிறது. டிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது ஒன்று இன்னொன்றில் கொஞ்சம் கசியும். செய்தி வாசிப்பவர் நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தால் அதில் வானவில் நெளியும், பார்த்திருப்பீர்கள். சின்னக் கட்டம் போட்ட சேலையிலும் அதேதான். சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் தெரிவதும் இதனால்தான். சிக்னலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று வாங்குங்கள். பாக்ஸுக்கும் டிவிக்கும் ஒரு மீட்டர் தூரம்தான் இருக்கும், சாதாரணக் கேபிளே தாராளம். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று கடைக்காரர் ஆயிரக்கணக்கில் ஒன்றை எடுத்து நீட்டுவார், வேண்டாம். இதுவும் டிஜிட்டல்தான். வந்தால் முழுசாக வரும், கேபிள் பழுதென்றால் திரையில் மின்மினிப் புள்ளி தெரியும், இல்லை படமே வராது.

மாட்டியதும் பாக்ஸ் மெனுவில் வீடியோ செட்டிங் போய் அவுட்புட் என்ன என்று பாருங்கள். சில பாக்ஸ்கள் 576-லோ 720-லோ நிற்கும். 1080ஐ (1080i) என்று மாற்றுங்கள். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று கேட்டால் 50. நம் ஊர் ஒளிபரப்பு 50-ல்தான் நடக்கிறது. 60 வைத்தால் பக்கவாட்டில் நகரும் எழுத்து விக்கி விக்கிப் போகும். டிவி வடிவம் 4:3 என்று இருந்தால் 16:9 ஆக்கிவிடுங்கள்.

சீரியல்_ரசிகை:

எச்.டி. சேனல் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சன் டிவி எச்.டி. 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. விஜய், ஜீ தமிழ், கலர்ஸ் தமிழ் எல்லாம் அப்புறம் வந்தன. ஆனால் பாக்ஸில் இரண்டும் வேறு வேறு எண்ணில் இருக்கும். எச்.டி.க்குப் பணம் கட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் பழைய எண்ணையே அழுத்திப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். எங்கள் மாமியார் இன்றைக்கும் அப்படித்தான்.

பேக் எடுக்கும்போது ஒரே சேனலின் சாதாவும் எச்.டி.யும் சேர்ந்து வந்தால் சாதாவைத் தூக்கச் சொல்லுங்கள். 2019-ல் வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஒரு எச்.டி. சேனல் இரண்டு சாதா சேனலாகக் கணக்கில் ஏறியது. இரண்டையும் வைத்திருந்தால் ஒரே சீரியலுக்கு மூன்று சேனல் இடம் போனது.

பவானிக்கரை:

கேபிள் வாங்கி மாட்டினேன். அவுட்புட் 576-ல் இருந்தது, 1080ஐ வைத்தேன். சன் டிவி எச்.டி. போட்டதும் அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஆனால் ஆதித்யா, சுட்டி, செய்தி சேனல்கள் எல்லாம் இன்னும் மங்கல்தான், எச்.டி.யைப் பார்த்த கண்ணுக்கு இப்போது கூடுதலாக உறுத்துகிறது. இவற்றை என்ன செய்வது?

ஐந்தாம்_வரிசை:

இதற்குக் கணக்குதான் பதில். சாதா சேனலின் ஒரு ஃப்ரேம் அதிகபட்சம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. உங்கள் திரை 1920க்கு 1080, 20,73,600 புள்ளி. சரியாக ஐந்து மடங்கு. ஒவ்வொரு ஐந்து புள்ளியிலும் நான்கை டிவி ஊகித்து நிரப்புகிறது. 4கே டிவி என்றால் இருபது மடங்கு, இருபதில் பத்தொன்பது ஊகம். 'இவ்வளவு விலை கொடுத்து 4கே வாங்கினேன், கேபிள் சேனல் பழைய டிவியைவிட மோசமாகத் தெரிகிறதே' என்று வருகிற புலம்பலுக்கு இதுதான் காரணம். போதாக்குறைக்கு, இடத்தை மிச்சம் பிடிக்க 720-ஐ 544 என்று குறுக்கி அனுப்பும் சேனல்களும் உண்டு.

இல்லாத புள்ளியை எந்த செட்டிங்காலும் கொண்டுவர முடியாது. ஆனால் உட்காரும் தூரத்தால் மறைக்கலாம். நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பார்கள். 43 இன்ச் திரையின் உயரம் ஏறக்குறைய 53 செ.மீ. அதில் 576 வரி என்றால் ஒரு வரி 0.93 மி.மீ. இந்தத் தடிமன் கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் போவது சுமார் 3.2 மீட்டரில், பத்தரை அடி. அதே திரையில் எச்.டி. என்றால் 1.7 மீட்டர், ஐந்தரை அடி போதும். 55 இன்ச் வாங்குகிறவர்களுக்கு சாதா சேனல் சுமாராகத் தெரிய பதிமூன்று அடிக்கு மேல் வேண்டும். நம் ஊர் ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் அந்தத் தூரம் எத்தனை வீட்டில் கிடைக்கும்? பழைய 21 இன்ச்சில் தெளிவாகத் தெரிந்தது என்கிறார்களே, அதே 576 வரி சின்ன இடத்தில் நெருங்கி நின்றது, அவ்வளவுதான்.

சாதா சேனலே அதிகம் பார்க்கும் வீடு என்றால் பெரிய திரை வாங்குவது பணத்தைக் கொடுத்து மங்கலை வாங்குவது என்பது என் கட்சி. கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மொட்டைமாடி:

கணக்கு சரி. ஆனால் செட்டிங்கை அவ்வளவு சீக்கிரம் கைகழுவ வேண்டாம். இல்லாததைக் கொண்டுவராது, இருப்பதைக் கெடுக்காமல் இருக்கும் அல்லவா?

கடையில் டிவி 'விவிட்' மோடில் கண்ணைப் பறிக்கும்படி ஓடும், வீட்டுக்கும் பல சமயம் அப்படியே வந்துவிடுகிறது. அதில் ஷார்ப்னெஸ் ஏகத்துக்கு ஏற்றியிருப்பார்கள். ஷார்ப்னெஸ் கூட்டினால் புதுத் தெளிவு எதுவும் வராது, ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு இழுக்கும். நல்ல படத்தில் இது ஓரளவு கண்ணை ஏமாற்றும். சாதா சேனலில் ஒளிபரப்பிலேயே இருக்கும் கட்டங்களையும் பிசிறையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும். செய்தி சேனலின் ஓடும் எழுத்தில் 'ழ', 'ஷ' மாதிரி வளைவு உள்ள எழுத்தைப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய நிழல் தெரிந்தால் அது மறைகிறவரை குறையுங்கள். எல்லா டிவியிலும் பூஜ்யம்தான் நடுநிலை என்று நினைக்க வேண்டாம், சோனியில் 50 நடுநிலை, அதற்குக் கீழே போனால் மங்க ஆரம்பிக்கும்.

விவிட்டை விட்டு 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்குப் போங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்து டல்லாகத் தெரியும், வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். பொறுத்துக்கொண்டால் மெழுகு முகம் மறைந்து தோல் தோலாகத் தெரிய ஆரம்பிக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் சாதா சேனலுக்கு 'லோ'வில் இருக்கலாம், எச்.டி.க்கு ஆஃப்.

ஓவர்ஸ்கேன் என்று ஒன்று உண்டு. பழைய டியூப் காலத்துப் பழக்கத்தில் சில டிவிகள் படத்தை லேசாகப் பெரிதாக்கி நான்கு ஓரத்தையும் வெட்டிவிடும். 1080 வரி வந்தாலும் நீட்டி முழக்கிக் காட்டுவதால் கூர்மை போகும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்ஸல்' என்று இருக்கும். அதை வையுங்கள். சேனல் லோகோ ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே நகர்ந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், சாதா சேனலுக்கு மட்டும் இன்னொரு வழி. பாக்ஸ் அவுட்புட்டை 1080ஐ-யில் வைத்தால் சின்னப் படத்தைப் பெரிதாக்கும் வேலையைப் பாக்ஸே செய்துவிடுகிறது. பாக்ஸில் இருக்கும் சிப் சல்லிசானது. 576பி (576p) வைத்தால் அந்த வேலை டிவிக்குப் போகும். நல்ல கம்பெனி டிவி அதைப் பெரும்பாலும் அழகாகச் செய்யும். ஒவ்வொரு முறையும் மாற்றுவது தொல்லை, எச்.டி. பார்க்கும்போது மறந்துவிட்டால் முதலுக்கே மோசம். ஒரு தடவை செய்து பார்த்து வித்தியாசம் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது_அம்பயர்:

எச்.டி. சேனல், எச்.டி.எம்.ஐ., சினிமா மோடு எல்லாம் வைத்தாயிற்று. கிரிக்கெட்டில் மட்டும் பந்துக்குப் பின்னால் வால் முளைக்கிறது. சில சமயம் பந்து நடுவில் காணாமல் போய் மட்டையருகே தோன்றுகிறது.

மொட்டைமாடி:

மோஷன் செட்டிங்கைத் தேடுங்கள். 'மோஷன்ஃப்ளோ', 'ட்ரூமோஷன்', 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இல்லாத ஃப்ரேமை டிவியே கற்பனை செய்து செருகும். பந்து சின்னது, வேகமானது, கற்பனை தப்புகிறது. ஆஃப் செய்யுங்கள், இல்லை குறைந்த அளவில் வையுங்கள். சீரியல், சினிமா எல்லாம் நாடக மேடை வீடியோ மாதிரி வழுக்கிக்கொண்டு போவதும் இதனால்தான்.

நாலாவது_அம்பயர்:

ஆஃப் செய்ததும் பந்து வந்துவிட்டது, நன்றி. ஆனால் கேமரா வேகமாகத் திரும்பும்போது புல்தரை முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிறதே. கேமரா நின்றதும் புல் திரும்ப முளைக்கிறது.

ஐந்தாம்_வரிசை:

அது உங்கள் வீட்டுக் கோளாறு இல்லை. சாட்டிலைட்டில் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர், அதன் கொள்ளளவு நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று கட்டுப்பட்டது. வழக்கமான ஒரு அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாபிட் கிடைக்கும். பத்து எச்.டி. சேனல் ஏற்றினால் தலைக்கு ஆறு, இருபது ஏற்றினால் மூன்று. புளூ-ரே தட்டில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை செலவழிக்க இடம் உண்டு, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. எல்லாச் சேனலுக்கும் சமமாகப் பிரித்துத் தருவதில்லை. அந்த நொடியில் எந்தச் சேனலில் அசைவு அதிகமோ அதற்குக் கூடக் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சேனலில் அசைவு கூடினால் எல்லோருக்கும் பற்றாக்குறை. புல்தரை, அருவி, மேடை நிகழ்ச்சியில் தூவும் காகிதத் துகள், மினுக்கும் விளக்கு எல்லாம் மெகாபிட்டைக் குடிக்கும். பற்றாதபோது நுணுக்கம்தான் முதலில் பலியாகும். டிவியை மாற்றினாலும் இது போகாது. கம்பெனிக்குப் புகார் எழுதலாம், நிறையப் பேர் எழுதினால் ஒருவேளை ஒரு சேனலை வேறு டிரான்ஸ்பாண்டருக்கு நகர்த்துவார்கள்.

எச்.டி. சேனலில் ஓடுவதெல்லாம் எச்.டி. என்றும் நம்ப வேண்டாம். பழைய படங்களில் பல, சாதாப் பிரதியை ஊதிப் பெரிதாக்கியவை. அங்கே மங்கல் ஏற்றும்போதே ஏறிவிடுகிறது.

பழைய_ஆன்டெனா:

சரி, எல்லாம் கேட்டாயிற்று. நீங்கள் சொல்கிற கணக்கில் டிஷ்ஷுக்கு வேலையே இல்லை. அப்படியானால் போன வருஷம் என் வீட்டில் டிஷ்ஷைச் சரிசெய்ததும் படம் சுத்தமானது எப்படி? என் கண்ணால் பார்த்தது.

மொட்டைமாடி:

சரிசெய்வதற்கு முன் மழைக்காலத்தில், காற்றில், கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்ததா? அது போயிருக்கும். படத்தின் கூர்மை கூடியிருக்காது அண்ணே. டிஷ்ஷின் வேலை பெரிய வேலைதான், ஆனால் அது வேறு வேலை.

டிடிஎச் வருவது கேயு பேண்டில், 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலையை மழைத்துளி நன்றாகவே உறிஞ்சும். வெயில் நாளில் எல்லைக்கு மேலே எவ்வளவு கையிருப்பு வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு மழையைத் தாங்கும். குவாலிட்டி 65-க்கும் 95-க்கும் வித்தியாசம் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். 60 செ.மீ. டிஷ்ஷை 90 ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு, அதாவது மூன்றரை டெசிபல் கூடுதல். மழையில் அடிக்கடி போகிற ஊர் என்றால் அது நியாயமான செலவு. தெளிவுக்காக என்றால் வீண்.

டிஷ் லேசாகத் திரும்பினாலும் ஆபத்துதான். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை சுமார் மூன்று டிகிரி அகலம், நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒன்றரை டிகிரிதான். 2010 ஜூலையில், சன் டைரக்ட் ஒளிபரப்பிய இன்சாட்-4பி சாட்டிலைட்டின் சோலார் பலகை ஒன்றில் மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்தினார்கள். சன் டைரக்ட் 93.5 டிகிரி கிழக்கிலிருந்து 91.5-ல் இருந்த மீசாட்-3 என்ற சாட்டிலைட்டுக்குப் போனது. வெறும் இரண்டு டிகிரி. அதற்குத்தான் மாடி மாடியாக ஏறி டிஷ்ஷை நகர்த்த வேண்டியிருந்தது.

உப்புக்காற்று:

தூத்துக்குடியிலிருந்து. எங்கள் பக்கம் டிஷ் திரும்புவதைவிட அரிப்புதான் எதிரி. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டியிருக்கும் சிக்னல் வாங்கியை எல்.என்.பி. என்பார்கள், அதன் அடியில் கேபிள் சேரும் இடத்தில் உப்பு ஏறிப் பச்சை பூத்துவிடும். பாதிச் சேனல் வந்து பாதி வராமல் போனால் அங்கே பாருங்கள். பாக்ஸ் எல்.என்.பி.க்கு 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 அனுப்பினால் கிடைமட்டம். துரு ஏறினால் மேலே போவதற்குள் 18 குறைந்து, அந்தப் பக்கச் சேனல்கள் மட்டும் காணாமல் போகும்.

கேபிள் ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். கேபிள் டிவிக்கு இழுத்த பழைய மெலிந்த வயரில் கொடுத்தால் பாதி சிக்னல் வழியிலேயே கரையும். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு சுற்றுத் தொங்கவிட்டு மாட்டுங்கள், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

சீரியல்_ரசிகை:

ஒரு சந்தேகம். மார்ச் மாதத்தில் நாலைந்து நாள், மழை மேகம் எதுவும் இல்லாமல், பகல் பதினொன்று மணி வாக்கில் சில நிமிஷம் படம் உடைந்து, போய், தானாகவே வந்தது. இதுவும் துருவா?

மொட்டைமாடி:

இல்லை அக்கா, அது சூரியன். வருஷத்துக்கு இரண்டு தடவை, நம் ஊருக்கு மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது, சூரியனின் இரைச்சலில் சாட்டிலைட் அமுங்கிவிடும். உங்கள் கம்பெனியின் சாட்டிலைட் எந்த டிகிரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காலை பத்திலிருந்து மதியத்துக்குள் வரும், தினமும் சில நிமிஷம், சில நாள். அந்த நேரத்தில் டிஷ் திருப்ப ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அவர் வந்து சேர்வதற்குள் படம் வந்திருக்கும், விசிட் சார்ஜ் மட்டும் போகும்.